டெட்ரிஸ் மாதிரி ஒரு கேம் எழுதலாமா, வெளியிடலாமா?

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் தான் எழுதிய கேமின் லிங்கை எனக்கு அனுப்பியிருந்தான். "அண்ணா, இதை பிளே ஸ்டோர்ல போடலாமா? கேஸ் கீஸ் ஆயிடுமா?"

திறந்து பார்த்தேன். மேலிருந்து கட்டைகள் விழுந்தன. அம்புக்குறியைத் தட்டினால் திரும்பின. ஒரு வரிசை நிரம்பியதும் மறைந்தது. ஓரத்தில் அடுத்து வரப்போகும் கட்டை தெரிந்தது. பின்னணியில் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் காலத்து மெட்டு. மேலே பெரிய எழுத்தில் பெயர்: 'டெட்ரிஸ் 2'.

நிரல் சுத்தமாக இருந்தது. யாரிடமும் காப்பி அடிக்காமல், ஒவ்வொரு வரியையும் அவனே உட்கார்ந்து எழுதியிருந்தான். "நானே எழுதினதுதானே, அப்புறம் என்ன?" என்றுதான் அவன் நினைத்திருந்தான். முதன்முதலில் கேம் எழுதும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொன்னால் தவறாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கேமை விற்றுப் பணம் பார்க்கும் எண்ணம் இருந்தால், வெளியிடுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

பழைய புதிர் கேம்களைத் திரும்ப எழுதிப் பார்ப்பதைப்போல புரோகிராமிங் கற்றுத்தரும் பயிற்சி வேறு இல்லை என்பது என் எண்ணம். பாம்பு, மைன்ஸ்வீப்பர், சோகோபன், டெட்ரிஸ் எல்லாமே ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய அளவு சின்னவை. ஆனால் அரே (மதிப்புகளின் பட்டியல்), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்), நிபந்தனை, நேரக் கணக்கு என்று எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும் என்பதால் எங்கே தப்பு என்பதும் உடனே தெரிந்துவிடும்.

டெட்ரிஸையே எடுத்துக்கொள்வோம். பலகை என்பது 20 வரிசைகள், ஒவ்வொரு வரிசையிலும் 10 எண்கள். 0 என்றால் அந்த இடம் காலி. ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு சதுரங்கள், ஆகவே நான்கு ஜோடி எண்கள் போதும். 'டி' வடிவக் கட்டையின் நடுச்சதுரம் (0, 0). இடப்பக்கம் (-1, 0), வலப்பக்கம் (1, 0), தலைக்கு மேல் (0, -1). திரையில் கீழே போகப் போகத்தான் ஒய் (ஜோடியின் இரண்டாவது எண்) கூடும், அதனால் மேலே இருப்பதற்கு மைனஸ். இதை வலப்பக்கமாக ஒரு திருப்பு திருப்ப வேண்டுமென்றால், ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு எண்களையும் இடம் மாற்றி, முதலில் வந்து நிற்பதன் குறியை மாற்றினால் போதும். தலைக்கு மேலிருந்த (0, -1) இப்போது (1, 0) ஆகி வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். திருப்பிய பிறகு ஏதாவது ஒரு சதுரம் சுவருக்கு வெளியே போனாலோ, வேறு கட்டையின் மேல் ஏறினாலோ, திருப்பியதை ரத்து செய்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வரிசை அழிப்பதில் மட்டும் எல்லாரும் ஒரு முறை விழுவார்கள். கீழிருந்து மேலாக லூப் ஓட்டி, நிரம்பிய வரிசையை நீக்கி, மேலே ஒரு காலி வரிசையைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம். அதற்குள் மேலே இருந்த வரிசை ஒரு படி இறங்கி, நாம் ஏற்கெனவே பார்த்து முடித்த எண்ணில் வந்து உட்கார்ந்துவிடும். அதுவும் நிரம்பியதாக இருந்தால் அழியாமலே தப்பித்துவிடும். லூப்பை மேலிருந்து கீழாக ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. தம்பியின் கேமிலும் இரண்டு வரிசைகள் ஒன்றாக நிரம்பினால் ஒன்றுதான் அழிந்தது. அதைத்தான் முதலில் திருத்தச் சொன்னேன்.

இனி அவன் கேள்விக்கு வருவோம். மேலே சொன்னதில் எது யாருக்குச் சொந்தம்?

தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை ஒருவர் காப்பிரைட்டுக்கும் இன்னொருவர் பேட்டன்ட்டுக்கும் எழுதுவதால் பெரிய குழப்பம் இருக்கிறது. அதனால் இங்கே புழக்கத்தில் உள்ள பெயர்களையே வைத்துக்கொள்கிறேன். படைப்பின் வடிவத்தைக் காப்பது காப்பிரைட். பெயரையும் சின்னத்தையும் காப்பது டிரேட்மார்க். கண்டுபிடிப்பைக் காப்பது பேட்டன்ட். சின்ன புதிர் கேம் எழுதுகிறவருக்குப் பேட்டன்ட் பெரும்பாலும் குறுக்கே வராது. இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே கருத முடியாது என்கிறது. மற்ற இரண்டையும்தான் கவனிக்க வேண்டும்.

காப்பிரைட் ஒரு கருத்தைக் காப்பாற்றாது, அந்தக் கருத்தை ஒருவர் வெளிப்படுத்திய விதத்தைத்தான் காப்பாற்றும். இது பழைய கொள்கை. 1879-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன 'பேக்கர் எதிர் செல்டன்' வழக்கு கணக்குப் புத்தகம் எழுதும் முறையைப் பற்றியது. அந்த முறையை விளக்கும் புத்தகத்துக்கு உரிமை உண்டு, முறைக்கு இல்லை என்று தீர்ப்பானது. இந்தியாவில் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் ஒப்பிட்ட நம் உச்ச நீதிமன்றமும் அதே கோட்டைத்தான் போட்டது. கேமில் கருத்து என்றால் விதி. 'மேலிருந்து கட்டை விழும், வரிசை நிரம்பினால் அழியும்' என்ற விதி யாருக்கும் சொந்தமில்லை. ஆடு புலி ஆட்டத்தின் விதி எப்படி யாருக்கும் சொந்தமில்லையோ, அப்படித்தான்.

டெட்ரிஸ் பிறந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கணினி மையத்தில் அலெக்ஸி பாஜிட்னவ் இதை எழுதியபோது, அவரிடம் இருந்தது எலக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரம். அதில் படம் வரைய வழியே கிடையாது, எழுத்துகள் மட்டும்தான். அடைப்புக்குறி இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒரு சதுரம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். நிறமும் இசையும் இல்லாமலேயே அந்த ஆட்டம் ஆட்டமாக இருந்தது. அந்த ஏழு வடிவங்களும் கணிதத்தில் முன்பே இருந்தவைதான். நான்கு சதுரங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டினால், தட்டையாகத் திருப்பிப் பார்த்து ஒன்றாகத் தெரிபவற்றைக் கழித்தபின், ஏழு வடிவங்கள்தான் மிஞ்சும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். விதி பொதுச்சொத்து, வடிவம் கணிதம், நிரல் நான் எழுதியது, ஆகவே எல்லாம் எனக்குச் சொந்தம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதே கணக்கைப் போட்டுத்தான் எக்ஸியோ இன்டராக்டிவ் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் 2009-ல் ஐபோனுக்கு 'மினோ' என்ற கேமை வெளியிட்டது. நிரல் அவர்களுடையது. பெயர் வேறு. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினார்கள். டெட்ரிஸின் உரிமையாளர் வழக்குப் போட்டபோது, விதிகளையும் விளையாட்டுக்கு அவசியமானவற்றையும் மட்டுமே எடுத்ததாக நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். டெட்ரிஸைப் பார்த்துச் செய்ததை மறைக்கவில்லை.

2012 மே மாதம் நியூஜெர்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஃப்ரீடா வுல்ஃப்சன் டெட்ரிஸ் பக்கம் தீர்ப்பு எழுதினார். கட்டைகளின் தோற்றமும் அசைவும் மட்டுமல்லாமல், எடுத்ததாக அவர் சுட்டிய மற்ற விஷயங்களும் கேம் எழுதுகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை. 10-க்கு 20 என்ற பலகை அளவு. கட்டை விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்டும் நிழல். அடுத்த கட்டையைக் காட்டும் விதம். கட்டை போய் உட்கார்ந்ததும் நிறம் மாறுவது. ஆட்டம் முடிந்ததும் பலகை தானாக நிரம்புவது. இரண்டு கேம்களின் படத்தையும் பக்கத்தில் வைத்தால், எது எது என்று சொல்லாமல் சாதாரண ஆளால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

நிழலைக் காட்டுவது விதியா, தோற்றமா? அகலம் 10 என்பது விதியா, தோற்றமா? எழுதும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். நீதிபதி கேட்டது வேறு கேள்வி: இந்த விதியை வேறு விதமாகக் காட்ட வழி இருந்ததா? அகலம் 12 என்று வைத்தாலும் வரிசை அழியும். கட்டைக்கு மரத்தின் தோற்றம் கொடுத்தாலும் அழியும். வழி இருந்தும் அதே தோற்றத்தை எடுத்தால், எடுத்தது கருத்து மட்டும் இல்லை. 1990-ல் வந்த டாக்டர் மாரியோவிலும் மேலிருந்துதான் எல்லாம் விழுகிறது. ஆனால் அவை இரண்டு நிற மாத்திரைகள், நிறம் சேர்ந்தால் மறையும். அதை யாரும் டெட்ரிஸ் என்று தவறாக நினைக்கப்போவதில்லை.

இந்தக் கோடு எங்கே விழும் என்பதை எல்லா நேரமும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1981-ல் அடாரி என்ற கேம் நிறுவனம் தன் 'ஆஸ்டிராய்ட்ஸ்' போலவே இருந்த 'மீட்டியர்ஸ்' மீது வழக்குப் போட்டுத் தோற்றது. விண்கல்லைச் சுடும் ஆட்டத்தில் விண்கல் உடையத்தானே செய்யும், அது இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே 'பேக்மேன்' போல இருந்த 'கே.சி. மன்ச்கின்' வழக்கில் அடாரி பக்கம் தீர்ப்பானது. புதிர்வழி கருத்துதான், ஆனால் அந்த வாயும் பேய்களும் அப்படியேதான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொரு உதாரணமும் உண்டு. செங்கல் உடைக்கும் 'பிரேக்அவுட்' கேமைப் பதிவு செய்ய அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் மறுத்தது. செவ்வகமும் பந்தும் ஒலியும் தவிர அதில் என்ன இருக்கிறது என்று கேட்டது. அடாரி மேல்முறையீட்டுக்குப் போனது. பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூத் பேடர் கின்ஸ்பர்க்தான் 1992-ல் தீர்ப்பு எழுதினார். எளிய வடிவங்கள் என்றாலும், அவற்றைச் சேர்த்த விதத்தில் படைப்பு இருக்கலாம் என்று சொல்லி மறுப்பை ஏற்கவில்லை.

காப்பிரைட்டில் உள்ள அளவு குழப்பம் டிரேட்மார்க்கில் இல்லை. இதற்கு நம் நாட்டிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த இரு சகோதரர்கள் ஃபேஸ்புக்கில் 'ஸ்க்ராபுலஸ்' என்ற வார்த்தை விளையாட்டை நடத்தினார்கள். 'ஸ்க்ராபிள்' போலவே இருந்தது, உலகம் முழுவதும் ஆடினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்க்ராபிள் உரிமை ஹாஸ்ப்ரோவிடமும், மற்ற நாடுகளில் மாட்டெலிடமும் இருந்தது. மாட்டெல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 செப்டம்பரில் வந்த இடைக்கால உத்தரவு இரண்டு பக்கமும் வெட்டியது. பலகையின் நிறக்கட்டங்கள் விளையாட்டின் விதியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியவை, அதில் காப்பிரைட் தடை கேட்க முடியாது என்றது. ஆனால் 'ஸ்க்ராபுலஸ்' என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் தடை போட்டது. அவர்கள் கேம் 'லெக்சுலஸ்' ஆனது. பெயரில் மட்டும் கைவைக்காமல் இருந்திருந்தால் இந்தியாவில் அவர்கள் அந்தச் சுற்றில் முழுவதுமே ஜெயித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கவனியுங்கள், பலகையின் கட்டங்களை டெல்லி விட்டுக்கொடுத்தது, நியூஜெர்சி விட்டுக்கொடுக்கவில்லை. பிளே ஸ்டோரில் போட்டால் இரண்டு நாட்டிலும் கிடைக்கும். ஆகவே கடுமையான தீர்ப்பை மனதில் வைத்து எழுதுவதே பாதுகாப்பு.

அனுபவம் உள்ளவர்கள் பெயர் விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். லினக்ஸின் நோம் டெஸ்க்டாப்பில் 'நோமெட்ரிஸ்' என்று இருந்த கேம் 'குவாட்ராபாஸல்' ஆனது. சைமன் டேதம் என்ற புரோகிராமரின் புகழ்பெற்ற புதிர்த் தொகுப்பில் சுடோகுவின் பெயர் 'சோலோ', மாஸ்டர்மைண்டின் பெயர் 'கெஸ்'. சுடோகுவுக்குமா என்று கேட்கலாம். ஜப்பானில் அந்தப் பெயர் நிகோலி நிறுவனத்தின் டிரேட்மார்க். அதனால் அங்கே மற்றவர்கள் 'நம்பர் பிளேஸ்' என்றுதான் போடுகிறார்கள். 'டெட்ரிஸ் 2', 'என் டெட்ரிஸ்', 'டெட்ரிக்ஸ்' எல்லாமே ஒரே தப்புதான்.

"நான் இலவசமாகத்தானே கொடுக்கிறேன்" என்பார்கள். காசு வாங்காதது வாதத்தில் கொஞ்சம் உதவலாம், ஆனால் அதுவே அனுமதி ஆகிவிடாது. 30 சதவீதம் மாற்றிவிட்டால் போதும் என்று ஒரு கதை உலவுகிறது, அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. "காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை" என்று கீழே எழுதி வைப்பதாலும் பயன் இல்லை. உங்கள் கணினியில் கற்றுக்கொள்வதற்காக எழுதி, நீங்களே ஆடிப் பார்ப்பது வேறு. இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் இடம் கொடுக்கிறது. படிக்கிற பிள்ளைகள் பயப்படாமல் எழுதிப் பழக வேண்டும்.

வெளியிட்டவர்களில் பெரும்பாலோர் நீதிமன்ற வாசலையே பார்க்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது ஒரு மின்னஞ்சல். அமெரிக்காவின் டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் காப்பிரைட் சட்டப்படி உரிமையாளர் ஆப் ஸ்டோருக்கோ, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்புக்கோ நோட்டீஸ் அனுப்புவார். பெரும்பாலும் அவர்கள் முதலில் எடுத்துவிட்டுத்தான் உங்களுக்குச் சொல்வார்கள். நீங்கள் மறுத்து கவுன்டர் நோட்டீஸ் கொடுக்கலாம். 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் கேம் திரும்ப வரும். 'மினோ' நிறுவனம் கவுன்டர் நோட்டீஸ் கொடுத்தது, அதற்குப் பதிலாகத்தான் வழக்கு வந்தது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் தன் 'வேர்டில்' சொல் விளையாட்டின் குளோன்கள் (பார்த்து எழுதிய நகல் கேம்கள்) மீது கிட்ஹப்புக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ஒரே நிரலிலிருந்து கிளைத்த சுமார் 1,900 பிரதிகள் அதில் அடங்கின. பச்சை, மஞ்சள் கட்டங்களும் ஐந்துக்கு ஆறு என்ற பலகையும் தங்களுடையவை என்றது. ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் வேர்டிலுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. அந்த நோட்டீஸ் நீதிமன்றத்தில் நின்றிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தச் சண்டைக்குப் பணம் யாரிடம் இருக்கிறது? பொழுதுபோக்காக எழுதியவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் இடிக்காத இடத்திலும் மனது இடிக்கலாம். 2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் புதிர் வந்தது. அதைச் சின்னக் குழு ஒன்று 14 மாதம் செதுக்கியிருந்தது. அடுத்த மாதமே 19 வயது இத்தாலிய இளைஞர் கேப்ரியேலே சிருல்லி ஒரு வார இறுதியில் '2048' எழுதி இலவசமாக வெளியிட்டார். உலகமே அதைத்தான் ஆடியது. விதி ஒன்றல்ல. த்ரீஸில் ஒன்றும் இரண்டும் சேர்ந்து மூன்றாகும், 2048-ல் ஒரே எண்கள் இரண்டு சேர்ந்து இரட்டிக்கும். வழக்கும் எழவில்லை. ஆனாலும் த்ரீஸ் குழுவினர் தங்கள் வேலைக்கால மின்னஞ்சல்களையே வெளியிட்டு வருத்தத்தைச் சொன்னார்கள். அதை வாசிப்பது வலிக்கும். சிருல்லி தன் பக்கத்தில் '1024' என்ற இன்னொரு கேமையும் த்ரீஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார். குளோன் எழுதுகிறவர் குறைந்தபட்சம் அதையாவது செய்ய வேண்டும். 2048 எம்.ஐ.டி. உரிமத்தில் இருப்பதால் நிரலை எடுத்தும் மாற்றலாம், உரிமக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. இன்னொருவர் கேமிலிருந்து படத்தையோ ஒலிக்கோப்பையோ உருவி எடுத்துப் போட்டால் அது நேரடித் திருட்டு, அதில் விவாதமே இல்லை.

தம்பிக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பெயரை மாற்று என்றேன். மெட்டையும் எடுத்துவிடு என்றேன். அந்த மெட்டின் மூலமான 'கொரோபெய்னிகி' பழைய ரஷ்ய நாட்டுப்பாடல்தான். ஆனால் கேம்பாயில் வந்த இசைக்கோர்வை நாட்டுப்பாடல் இல்லை. அது காதில் விழுந்ததும் எல்லாருக்கும் ஒரு கேம்தான் ஞாபகம் வரும். நிறங்களையும் நிழலையும் பற்றிப் பேசும்போது அவனே கேட்டான்: "அண்ணா, நாலு சதுரத்துக்குப் பதிலா அஞ்சு வச்சா?"

பாஜிட்னவுக்கு டெட்ரிஸ் தோன்றியதே ஐந்து சதுரக் கட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பென்டோமினோ புதிரிலிருந்துதான். ஐந்து அதிகம் என்று நினைத்து நான்காகக் குறைத்தார். அதை இவனிடம் சொன்னேன். கட்டைகளின் பட்டியலை மட்டும் மாற்றினான், திருப்பும் நிரல் ஒரு எழுத்துகூட மாறாமல் ஓடியது. ஆனால் ஏழு வடிவம் பதினெட்டாகிவிட்டது. 10 அகலத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 14 ஆக்கினான், இப்போது வரிசை நிரம்பவே மாட்டேன் என்றது. அடுத்த கட்டையை ஓரத்தில் காட்டாமல், மூன்றில் ஒன்றை ஆடுகிறவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றினான். அது நன்றாக இருந்தது. நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து செய்தி. கேஸ் பற்றி ஒன்றும் இல்லை. "அண்ணா, அந்த கூட்டல் குறி மாதிரி கட்டை இருக்கே, அதைத் திருப்பினாலும் ஒண்ணும் மாற மாட்டேங்குது. திருப்புற பட்டனுக்கு அதுல மட்டும் வேற வேலை குடுக்கலாமா?"